டயோடுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே பெயின்ட் எதற்கு?

இந்த வாரமும் ஒன்று வந்தது. மரப்பலகையில் பெயர் பொறிக்கிற சின்ன மெஷினின் 5 வாட் நீல லேசர். "திடீர்னு பவர் குறைஞ்சிருச்சு சார்" என்றார் கொண்டுவந்த தம்பி. ஸ்க்ரூக்களைக் கழற்றி, லேசர் ஒளியைத் தரும் டயோடின் பிடிப்பையும், அதன் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் அலுமினிய ஹீட்சிங்க்கையும் பிரித்தால், இரண்டும் ஒட்டுகிற முகத்தில் பளபளவென்று கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட். அதன்மேல் தெர்மல் பேஸ்ட் (இடைவெளியை நிரப்பிச் சூட்டைக் கடத்தும் பசை) வேறு, தாராளமாக. கேட்டால் அதே பதில்: "கறுப்பு அடிச்சா நல்லா கூலாகும்னு வீடியோல சொன்னாங்க."

சாமி, நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஹீட்சிங்க் வெளிவிடும் கதிர்வீச்சு அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கணக்கில் வெள்ளைப் பெயின்ட்டும் கறுப்புப் பெயின்ட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டுக்கும் உமிழ்திறன், அதாவது கதிர்வீச்சாகச் சூட்டை விடும் திறன், அதிகபட்சம் 1 என்றால் 0.9 பக்கம் வரும். பளபளக்கும் வெறும் அலுமினியத்துக்கு 0.1கூட வராது. ஆக, பெயின்ட் அடித்தால் கதிர்வீச்சு கூடும் என்பது உண்மை. ஃபேன் இல்லாத தட்டையான தகட்டில் அந்த லாபம் கையில் தெரியும். ஆனால் உங்கள் ஹீட்சிங்க்கில் ஒரு ஃபின் (வரிசையாக நிற்கும் மெல்லிய தகடு) அடுத்த ஃபின்னைப் பார்த்துத்தானே கதிர் விடுகிறது? ஃபேன் வேறு ஓடுகிறது. அப்போது பெரும்பகுதிச் சூட்டைக் காற்றே கொண்டுபோய்விடும். கறுப்படித்து மிச்சமாவது ஒன்றுமில்லை.

வெளிப்பக்கம் அடித்ததால் கெடுதலும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு ஃபின் எல்லாம் சுரண்ட உட்காராதீர்கள். ஃபின் இடுக்கில் ஒட்டிய மரப்புகைப் பிசினைச் சுரண்டினால் புண்ணியம்.

சிக்கல் ஒட்டும் முகத்தில்தான். 5 வாட் ஒளி தர டயோடு சுமார் 15 வாட் மின்சாரம் சாப்பிடும். மீதி சுமார் 10 வாட் சூடாகிறது. அது அத்தனையும் அந்தச் சின்ன முகம் வழியாகத்தான் இறங்க வேண்டும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பெயின்ட் வெப்பத்தைக் கடத்துவது சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு சதுர சென்டிமீட்டர் தொடுபரப்பில் 50 மைக்ரான் பெயின்ட் இருந்தால், 10 வாட்டுக்கே 25 டிகிரி கூடிவிடும். பவுடர் கோட்டிங் என்றால் இன்னும் தடிமன்.

"ஹீட்சிங்க் சில்லுனுதான் சார் இருக்கு" என்பார்கள். இருக்கும். வருகிற வெப்பம் அதேதான், ஃபேனும் அதேதான். பெயின்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிங்க் உங்கள் விரலுக்கு ஒரே மாதிரிதான் படும். மேலே டயோடுதான் 25 டிகிரி அதிகத்தில் வேகிறது. சூடேறினால் ஒளி குறையும்; வேலை தொடங்கும்போது கறுப்பாக விழுந்த கோடு போகப் போக வெளிறும், ஆறவிட்டால் மறுபடி கறுக்கும். அதைப் பார்த்ததும் ப்ரீசெட்டை (போர்டில் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகு) திருகிக் கரண்டை ஏற்றுவீர்கள். அப்புறம் டயோடு கெட்டு வெறுமனே மினுங்கும்; அது லேசர் இல்லை, விலை கூடிய எல்இடி.

மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து ஒட்டும் முகத்தில் இரண்டு முனையையும் தொடுங்கள். கத்தினால் வெறும் உலோகம். கத்தாவிட்டால் பெயின்ட்டாக இருக்கலாம், கம்பெனியில் அலுமினியத்தின் மேலேயே உண்டாக்கும் ஆக்சைடு படலமான அனோடைசிங்காகவும் இருக்கலாம். அனோடைசிங் மெல்லியது, அதை விட்டுவிடுங்கள். பெயின்ட் என்றால் தின்னரில் துடைத்து, கண்ணாடிமேல் எமரி ஷீட்டை விரித்துச் சமமாகத் தேயுங்கள். லென்ஸ் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. பேஸ்ட் மெல்லிசாகப் போதும், இட்லிக்குச் சட்னி இல்லை. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: சில டயோடுகளில் உடம்பே ஒரு மின்முனை. பெயின்ட்டை எடுத்தபின் ஷார்ட் ஆகுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து, லேசர் மூடியின் உள்பக்கக் கறுப்பைத் தொடாதீர்கள். அது அங்கே இருப்பது கூலாவதற்கு இல்லை, சிதறும் ஒளியை விழுங்குவதற்கு. அதைச் சுரண்டிப் பளபளப்பாக்கினால் கதிர் எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. இந்த நீல ஒளியின் அலைநீளமான 450 நானோமீட்டருக்கென்று குறிப்பிட்ட பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மூடியைத் திறந்து ஓட்டவே ஓட்டாதீர்கள். டயோடை நான் மாற்றித் தருவேன், கண்ணை முடியாது.