நீல ஸ்புரூஸுக்குச் சோப்புக் குளியல் வேண்டாம்

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்து ஸ்காபரோவில் இந்த வசந்தத்தில் மட்டும் இது நான்காவது வீடு. முன்முற்றத்தில் செழிப்பான நீல ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம். கை எட்டும் உயரம் வரை பச்சை, அதற்கு மேல் நீலம். "நோய் கீழிருந்து ஏறுகிறது, வந்து பாருங்கள்" என்று அழைத்தார்கள். நோய் எதுவும் இல்லை. சாம்பல் நோய் என்று நினைத்து, பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து இரண்டு முறை அடித்திருக்கிறார்கள்.

ஊரில் பூசணிக்கொடியில் சாம்பல் நோயைப் பார்த்த கண்ணுக்கு இந்த வெண்மையும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இது பூசணம் இல்லை. தூசி இல்லை. யாரோ அடித்த மருந்தின் படிவும் இல்லை. மரம் தானே சுரந்த மெழுகு. சோப்பு கழுவிவிட்டது அதைத்தான். வாழையிலையின் அடிப்புறத்தைத் தேய்த்தால் விரலில் வெண்பொடி ஒட்டுமே, அந்த இனம். ஓர் ஊசியிலையைக் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள்; நீலம் போய்ச் சாதாரணப் பச்சை வரும். நீலச் சாயம் என்று ஒன்று இலைக்குள் கிடையவே கிடையாது.

அந்த மெழுகில் முக்கியமானது நொனாகோசான்-10-ஆல் என்ற நீண்ட ஆல்கஹால்: 29 கார்பன் சங்கிலி, பத்தாவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணை). இது தட்டையாகப் படியாமல் நுண்குழாய்களாகப் படிகமாகும். ஒளியைச் சிதறடித்து நீலம் காட்டுவது அந்தக் குழாய்கள்தாம். இலைத்துளைகளின் வாயிலும் இதே மெழுகு அடைத்திருக்கும். தரை உறைந்து வேர் தவிக்கும் ஜனவரியில் இலையின் ஈரம் காக்க அதுவும் வேண்டும்.

மெழுகு பெருமளவு சுரப்பது இலை இளசாக விரியும் பருவத்தில். முதிர்ந்த இலையில் போனது பழையபடி திரும்பாது. அந்த இலையோ பல ஆண்டுகள் கிளையிலேயே இருக்கும்!

ஒண்டாரியோவில் அழகுக்காகப் பூச்சிக்கொல்லி அடிப்பதற்கு 2009 முதல் தடை இருப்பதால் சமையலறைக் கைவைத்தியம் பெருகிவிட்டது. தயவுசெய்து முதலில் பாருங்கள். கிளைக்கு அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டுங்கள்; விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் சிலந்திப்பேன். வெறும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். இலையில் நேர்வரிசையாக, ஒரே சீராக வெண்புள்ளிகள் இருந்தால் அவை இலைத்துளைகள், தொடாதீர்கள். தாறுமாறாக ஒட்டியிருந்து நகத்தால் சுரண்டினால் பெயர்வது செதில்பூச்சி. அதற்கும் எண்ணெய் வாங்குமுன் லேபிளைப் படியுங்கள். நீல ஸ்புரூஸின் நிறத்தை எண்ணெய் எடுத்துவிடும்.

அந்த வீட்டு மரத்தில் இனி விரியும் தளிர் நீலமாகவே வரும். இலையுதிர் காலத்தில் தரை உறையும்வரை வேருக்கு நன்றாகத் தண்ணீர் விடச் சொல்லியிருக்கிறேன்.