கரியின் மேல் கரியால் எழுதிய எழுத்து

கி.பி. 79-இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பெயி நகரம் மட்டும் புதையவில்லை. மலைக்கு மேற்கே, கடலோரத்தில் இருந்த ஹெர்குலேனியமும் புதைந்தது. சுற்றுலாக் கூட்டம் பொம்பெயியில்தான் அலைமோதுகிறது. என்னைக் கேட்டால் விசித்திரமெல்லாம் இந்தச் சின்ன ஊரில்தான்.

காற்று தென்கிழக்கே அடித்ததால் முதலில் நுரைக்கல் மழைக்கு ஆளானது பொம்பெயி. ஹெர்குலேனியத்தில் விழுந்ததோ கொஞ்சம் சாம்பல். இரவில் கதை மாறியது. வானுயர எழுந்திருந்த சாம்பல் தூண் சரிந்து, சில நூறு டிகிரி சூட்டில் வாயுவும் சாம்பலும் கலந்த மேகமாக மலைச்சரிவில் பாய்ந்தது. அலை அலையாக வந்த அது ஊரை ஏறக்குறைய 20 மீட்டர் ஆழத்தில் மூடிவிட்டது.

ஒரு பொருள் எரிய வெப்பம் மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேண்டும். இறுகப் படிந்த சாம்பலுக்குள் அது கிடைக்கவில்லை. அதனால் கதவு, தொட்டில், ரொட்டி எல்லாம் சாம்பலாகாமல் கரியாக நின்றன. ஒரு செல்வந்தரின் மாளிகையிலிருந்த நூலகமும் அப்படித்தான் தப்பியது. 1752-இல் சுரங்கம் தோண்டியவர்கள் கையில் அகப்பட்ட பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்கள் பார்வைக்கு வெறும் கரிக்கட்டைகள். தொட்டால் உதிர்ந்தன. அந்தோனியோ பியாஜியோ என்ற பாதிரியார், சுருளைப் பட்டு நூலில் தொங்கவிட்டுப் பிரிக்க ஓர் இயந்திரம் செய்தார். ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர்! அவருடைய பொறுமையைக் கும்பிட வேண்டும். ஆனால் பிரித்ததில் சிதைந்ததும் நிறைய.

பிரிக்காமலே படிக்கலாமே? சுருளை எக்ஸ் கதிரால் எல்லாக் கோணத்திலும் படமெடுத்து, உள்ளே நசுங்கிக் கிடக்கும் ஒவ்வொரு சுற்றையும் கணினியில் பின்தொடர்ந்து தட்டையாக விரிக்கலாம். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரென்ட் சீல்ஸ் பல்லாண்டு உழைத்து உருவாக்கிய முறை இது. விரித்த பக்கம் மட்டும் வெறுமையாகத் தெரிந்தது. அந்தக் கால மை விளக்குப் புகைக்கரியில் செய்தது. தாளும் கரி, மையும் கரி. இரண்டின் அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்று. உலோகம் கலந்த மை என்றால் எக்ஸ் கதிர் காட்டிக்கொடுத்திருக்கும்.

எழுத்தைப் பிடிக்க உதவியது நிறமல்ல, மேற்பரப்பு. மை உலர்ந்த இடத்தில், வற்றிய குளத்துச் சேற்றைப் போல நுண்ணிய வெடிப்புகள் இருந்தன. சுருள்களைப் படிப்பவர்களுக்குப் பரிசு அறிவித்து 2023-இல் தொடங்கிய போட்டியில், கேசி ஹேண்ட்மர் வெறுங்கண்ணால் படங்களைத் துழாவி இதைக் கண்டுபிடித்தார். அந்தத் தடத்தைக் கற்றுக்கொண்ட செயற்கை நுண்ணறிவு நிரலைக் கொண்டு, லூக் ஃபாரிட்டர் என்ற மாணவர் 'ஊதா' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை முதலில் படித்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு சுருளிலிருந்து 2,000-க்கும் மேற்பட்ட எழுத்துகள் தெரியவந்தன. அரிதாகக் கிடைப்பது தாராளமாகக் கிடைப்பதைவிட அதிக இன்பம் தருமா என்று, உணவை முன்வைத்து அதில் ஒரு தத்துவவாதி வாதிடுகிறார். அப்போது படிக்க முடிந்தது அந்தச் சுருளில் ஏறத்தாழ 5 சதவீதம்.