சின்டரிங்: உருக்கிய பிறகும் விடாத பழைய பெயர்

உலோகத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கிப் பாகம் செய்வதைப் பலரும் இன்னும் 'லேசர் சின்டரிங்' என்றே சொல்கிறோம். டி.எம்.எல்.எஸ். (டைரக்ட் மெட்டல் லேசர் சின்டரிங்) என்ற சுருக்கத்தின் கடைசி எழுத்து அதுதான். ஆனால் இன்று அந்த மெஷினுக்குள் நடப்பது சின்டரிங் இல்லை.

'சின்டர்' ஜெர்மன் சொல். உலையில் இரும்பிலிருந்து பிரியும் கசடைக் குறித்தது. தமிழில் அதைக் கிட்டம், சிட்டம் என்போம். சித்த மருத்துவத்தின் மண்டூரம் இந்த இரும்புக் கிட்டம்தான். சிட்டம், சின்டர் என்று ஒலி நெருங்குகிறதே என்று உறவு கொண்டாட வேண்டாம், பொருள்தான் ஒன்று.

தூளை முழுக்க உருக்காமல், துகள்கள் தொடும் இடத்தில் மட்டும் ஒட்டும் அளவுக்குச் சூடாக்குவது சின்டரிங். மேசை விசிறியின் தண்டைத் தாங்கும் வெண்கல வளையமான புஷ் அப்படிச் செய்ததுதான். துகள்களுக்கு இடையே உள்ள நுண்துளைகளில் எண்ணெய் தங்கும், அதனால் அங்கே துளை வேண்டும். இதற்குச் 'சூட்டிணைப்பு' என்ற சொல் பொருந்தும்.

1990களின் நடுவில் வந்த லேசர் மெஷின்களுக்கு அந்தப் பெயர் சரியாகத்தான் இருந்தது. கலவைத் தூளில் எளிதில் உருகும் பகுதி மட்டும் உருகி மற்றதை ஒட்டியது. 1996-இல் ஜெர்மனியின் ஆகன் நகரில் உள்ள ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் தூளை முழுதாக உருக்கும் முறைக்குக் காப்புரிமை கோரியது. முறை மாறியும் பழைய பெயர் போகவில்லை. இன்றைய முறைக்கு நான் 'லேசர் உருக்கிணைப்பு' என்றே எழுதுகிறேன்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட முடியாது. செட்டிங் தவறினால் பாகம் நிஜமாகவே சூட்டிணைப்புக்குத் திரும்பிவிடும். லேசர் திறன், லேசர் ஓடும் வேகம், அது போடும் அடுத்தடுத்த கோடுகளின் இடைவெளி, அடுக்குத் தடிமன் நான்கும் சேர்ந்துதான் தூளுக்குப் போகும் ஆற்றலை முடிவு செய்கின்றன. டைட்டானியம் கலவைக்கு 280 வாட், நொடிக்கு 1200 மி.மீ., 0.14 மி.மீ. இடைவெளி, 0.03 மி.மீ. தடிமன் என்று வைத்து, திறனை மற்ற மூன்றின் பெருக்கலால் வகுத்தால், கன மில்லிமீட்டருக்குச் சுமார் 56 ஜூல் வரும். வேகத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள்: லேசர் பட்ட இடத்தில் உருகித் தேங்கும் உலோகக் குட்டை ஆழமில்லாமல் போகும், கீழ் அடுக்கைப் பிடிக்காது. பாகத்தை அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் ஓரம் கூரான, கோணல்மாணலான பள்ளங்கள் தெரியும். சிலவற்றுக்குள் உருகாத தூள் உருண்டை உருண்டையாக அப்படியே உட்கார்ந்திருக்கும். திரும்பத் திரும்பச் சுமை ஏறும்போது விரிசல் அந்தக் கூர்முனையில்தான் தொடங்கும்.

அதற்காக ஆற்றலை அள்ளிக் கொட்டவும் கூடாது. உலோகம் ஆவியாகிக் குட்டையில் ஆழமான குழி விழும், அது சரிந்து மூடும்போது வாயு அடியில் சிக்கி உருண்டைத் துளையாக நிற்கும்.

அப்புறம், அந்த 56-ஐ மட்டும் நம்பாதீர்கள். திறனையும் வேகத்தையும் பாதியாக்கி, 140 வாட், 600 மி.மீ. என்று வைத்தாலும் அதே 56 வரும், ஆனால் குட்டையின் ஆழமும் வடிவமும் வேறாகிவிடும்.