வாகைகுளத்தில் விமானம் தாமதமானால்: நெல்லைப் பயணிகளுக்கு உரிமையுள்ளவை

வாகைகுளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்துக்கும் சென்னைக்கும் வானில் நேர்கோடு போட்டால் ஏறக்குறைய 525 கிலோமீட்டர். ஏடிஆர் எனும் சிறிய விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். பிறகு ஏன் டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருக்கிறது? விமானம் நிற்குமிடத்தை விட்டு நகரும் நொடி முதல் அங்கே போய் நிறுத்தப்படும் வரைக்குமான நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்க முறை வருவதற்காகச் சென்னை வானில் சுற்றுவதும் அதில் அடங்கும். விமானத் துறையில் இதை ‘பிளாக் டைம்’ என்பார்கள்.

டிக்கெட்டைப் பார்க்கும்போது இந்த நேரத்தையும் கவனியுங்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள் பயணியின் உரிமையை இதை வைத்துத்தான் அளக்கின்றன.

பிளாக் டைம் இரண்டரை மணி நேரத்துக்குள் இருந்தால், இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே உணவும் சிற்றுண்டியும் இலவசமாகத் தர வேண்டும். சென்னை, பெங்களூரு விமானங்கள் இரண்டும் இதில் வரும். நீங்கள் உரிய நேரத்தில் செக்-இன் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கைக்குழந்தையோடும் வயதான பெற்றோரோடும் காத்திருப்பவர்கள் கூச்சப்படாமல் கவுன்ட்டரில் கேட்க வேண்டும். தாமதம் ஆறு மணி நேரத்தைத் தாண்டுமானால், மாற்று விமானமா முழுப் பணமா என்று தேர்வு செய்யும் உரிமை உங்களுடையது.

விமானம் ரத்தானால் கணக்கு வேறு. புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்புகூடச் சொல்லாமல் ரத்து செய்தால், மாற்று விமானம் அல்லது பணம் திருப்பித் தருவதோடு இழப்பீடும் உண்டு. பிளாக் டைம் ஒரு மணி நேரம் வரை என்றால் 5,000 ரூபாய், ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. சென்னை விமானத்துக்கு 7,500. ஆனால் அது உச்சவரம்பு. ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து 4,200 ரூபாய்தான் என்றால் 4,200 தான் கிடைக்கும். 2025இல் ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டப்பட்டுப் புதிய முனையமும் திறக்கப்பட்டதால் இப்போது பெரிய ஜெட் விமானங்களும் இறங்க முடியும். ஜெட் வந்தாலும் பிளாக் டைம் ஒரு மணி நேரத்துக்கு மேல்தான் இருக்கும் என்பதால் இந்தத் தொகை குறையாது.

மோசமான வானிலை, பாதுகாப்புச் சிக்கல், வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற காரணங்களால் ரத்தானால் இழப்பீடு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னை தத்தளிக்கும் நாட்களில் இழப்பீட்டை எதிர்பார்க்க வேண்டாம்.

நம் ஊரில் பலரும் கோட்டை விடும் இடம் இன்னொன்று. டிக்கெட் எடுக்கும்போது போதுமான தொடர்பு விவரம் தராதவருக்கு இழப்பீடு இல்லை என்கிறது விதி. ஜங்ஷன் பக்கம் டிராவல்ஸ் ஏஜென்டிடம் டிக்கெட் எடுத்தால் அவர் தன் எண்ணையே போட்டுவிடக்கூடும். ரத்தான செய்தி அவருக்குப் போகும், நீங்கள் வாகைகுளத்தில் நிற்பீர்கள். உங்கள் கைபேசி எண்ணைப் போடச் சொல்லி, அச்சிட்ட டிக்கெட்டில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

உரியது கிடைக்காவிட்டால் முதலில் விமான நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகாரைப் பதியலாம். அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. போர்டிங் பாஸையும், தாமதம் பற்றி வந்த குறுஞ்செய்தியையும் அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள்.