வயலில் வீடா? ஒரு ஐப்பசி பார்த்துவிட்டு வாருங்கள்

நாகர்கோவிலைச் சுற்றி வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். மனை பார்க்க என்னைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் மாசி கழிந்த பிறகுதான் கூப்பிடுவார்கள், கும்பப்பூ, அதாவது மாசியில் விளையும் நெல், அறுப்பு முடிந்து அக்கம்பக்கத்து வயலெல்லாம் வெடித்துக் காய்ந்து கிடக்கிற நேரம். "இது வயல்தானே?" என்று கேட்டால், "பயிர் வச்சே பத்து வருஷம் ஆச்சு சார், மண்ணடிச்சிரலாம்" என்பார்கள். அறுக்க ஆள் கிடைப்பதில்லை, நெல்லில் என்ன மிஞ்சுது என்று விற்றவர் சொன்னதிலும் பொய்யில்லை. அவரைத் திட்ட நான் வரவில்லை, திட்டினால் முதல் அடி எனக்குத்தான் விழ வேண்டும், இப்படி எத்தனையோ மனைக்கு நானே பிளான் போட்டிருக்கிறேன்.

சரி, ஒரு கணக்கு. பத்து சென்ட் என்றால் 4,356 சதுர அடி. வரப்பு அரை அடி உயரம் என்று வையுங்கள், அந்த வயல் ஒரே நேரத்தில் ஏறக்குறைய 60,000 லிட்டர் மழையைப் பிடித்து வைக்கும், 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஐந்து. அதில் நாலு அடி மண்ணடித்தால் அவ்வளவு தண்ணீரும் பக்கத்து வீட்டு முற்றத்துக்குப் போகும், அவர் அடுத்த வருஷம் ஐந்து அடி அடிப்பார். மண் எங்கிருந்து வருகிறது? நாலு அடிக்கு 174 யூனிட் வேண்டும் (ஒரு யூனிட் நூறு கன அடி), மூன்று யூனிட் டிப்பரில் 58 லோடு. கல்குளம், விளவங்கோடு பக்கம் எங்கேயோ ஒரு குன்று அந்த அளவுக்குக் குறைந்திருக்கும்.

இதைவிட யாரும் பேசாத விஷயம் கக்கூஸ் குழி. செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் தண்ணீரை உறிஞ்சு குழி வாங்கி மண்ணுக்குள் விட வேண்டும், ஆனால் பழைய வயலில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீரே கையெட்டும் ஆழத்துக்கு வந்துவிடுகிறது, மண் ஏற்கெனவே நிறைந்து நிற்கும்போது அது எதை உறிஞ்சும்? தண்ணீர் கிளாசெட் வழியாகத் திரும்பி வரும், இல்லையென்றால் பக்கத்துக் கிணற்றுக்குள் இறங்கும். கிணற்றுத் தண்ணீர் கலங்கி நாறுகிறது என்று என்னைத் திரும்பக் கூப்பிட்டவர்கள் உண்டு. அப்புறம் விரிசல். அடித்த மண் இரண்டு மூன்று மழைக்காவது இறங்கிக்கொண்டே இருக்கும், அஸ்திவாரத்தை அடியில் இருக்கிற கெட்டி நிலம் வரை கொண்டுபோகாமல் மேல்மண்ணிலேயே நிறுத்தினால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வாய் பிளக்கும்.

சுசீந்திரம்-தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தபோது எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். நானும்தான். குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் இறங்கப் போவது வயலில்தானே, அதைப் பிளாட் போட்டுவிட்டுக் குளத்தை மட்டும் கொண்டாடி என்ன பயன்? கேரளத்தில் நெல்வயலுக்கென்றே 2008-இல் தனிச் சட்டம் வந்தது. அங்கேயும் மீறுகிறவர்கள் மீறுகிறார்கள், ஆனாலும் கேள்வி கேட்க ஒரு காகிதமாவது இருக்கிறது. 1956 வரை நாமும் அந்தப் பக்கத்தோடு இருந்தவர்கள்தான், அவர்களுக்குச் சோறு போட்டதும் நாஞ்சில்நாடுதான்.

முன்னெல்லாம் "எத்தனை அடி உயர்த்தலாம்?" என்பதுதான் முதல் கேள்வி. 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, "தண்ணி எந்தப் பக்கமா போவும் சார்?" என்று கேட்கிறவர்களும் வருகிறார்கள். கொஞ்சம் பேர்தான். அவர்களிடம் நான் சொல்வது, அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு ஐப்பசி மழையில் மனையைப் போய்ப் பாருங்கள், பக்கத்தில் பழைய ஆட்கள் இருந்தால் மடை எங்கே இருந்தது என்று கேளுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா, முழுவதையும் நிரப்பாதீர்கள். வீடு நிற்கிற இடத்தைத் தூண் மேல் தூக்குங்கள், ஓடையை மறிக்காதீர்கள்.

ஒருவர் நான் சொன்னதைக் கேட்டு நடந்தார். பன்னிரண்டு சென்டில் நாலு சென்டைப் பள்ளமாகவே விட்டு, ஓரத்தில் மட்டி வாழை வைத்தார். போன கார்த்திகையில் ஒரு போட்டோ அனுப்பினார், முட்டளவு தண்ணீர், நடுவில் ஒரு கொக்கு. கீழே ஒரு வரி: "மச்சினன் வந்தான் சார், சென்ட் என்ன விலை போவுது, கொக்குக்கா விட்டு வச்சிருக்கேன்னு கேட்டுட்டுப் போறான்."