ஈரம் போன பின்பே நிறம்: தணலில் சுடும் மாட்டிறைச்சிக்குள் நடப்பது என்ன?

கலிஃபோர்னியாவின் மத்தியக் கடற்கரைப் பகுதியில் வசிக்கும் வாசகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அப்பகுதிக் கடைகளில் ‘டிரை-டிப்’ என்ற பெயரில் கிடைக்கும் மாட்டிறைச்சித் துண்டை வாங்கி, உப்பும் மிளகும் பூண்டுத் தூளும் தடவி, வீட்டுப் பின்புறம் உள்ள கிரில்லில் சுடுகிறார். கடுந்தீயில் சுட்டால் வெளிப்புறம் கரியாகிறது, நடுப்பகுதி பச்சையாகவே இருக்கிறது. தீயைத் தணித்துச் சுட்டால் உள்ளே பதமாக வேகிறது, ஆனால் வெளிப்புறம் தண்ணீரில் அவித்ததுபோல் வெளுத்துப்போகிறது. “முதலில் கடுந்தீயில் வாட்டிச் சாற்றை உள்ளே பூட்டிவிட வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் உறுதியாகச் சொல்கிறார், அது சரியா?” என்று கேட்டிருந்தார். சரியன்று. ஏன் சரியன்று என்பதற்கான விடை நெருப்பில் இல்லை, இறைச்சியின் மேற்பரப்பில் படர்ந்திருக்கும் ஈரத்தில் இருக்கிறது.

டிரை-டிப் என்பது மாட்டின் இடுப்பின் கீழ்ப்பகுதியிலிருந்து வெட்டப்படும் முக்கோண வடிவத் தசை. ஏறத்தாழ ஒரு கிலோ எடையும், நடுவில் ஐந்தாறு சென்டிமீட்டர் கனமும் கொண்டது. முன்பெல்லாம் கசாப்புக் கடைகளில் கொத்துக்கறியோடு சேர்ந்துபோன இந்தத் துண்டை முழுதாகச் சுட்டு உண்ணும் வழக்கம் 1950-களில் சான்டா மரியா பள்ளத்தாக்கிலிருந்து பரவியது. அங்கு எரிபொருள் ‘செவ்வோக்’ என்று அவ்வூரார் அழைக்கும் ஓக் மரத்தின் விறகு. அடுப்பின் மேல் உள்ள இரும்புத் தட்டியைச் சக்கரம் சுழற்றி ஏற்றவும் இறக்கவும் முடியும். மசாலா என்று பார்த்தால் உப்பு, மிளகு, பூண்டு ஆகிய மூன்றே. நம்மவர் வீடுகளில் அதோடு மிளகாய்த்தூளும் சீரகமும் சேர்ந்துகொள்வது இயல்பு. அதனால் வரும் ஒரு சிக்கலைப் பின்னர் பார்ப்போம்.

இறைச்சியின் உட்புறத்தில் நடப்பது பலருக்கும் தெரிந்ததே என்பதால் விரைவாகக் கடந்துவிடுகிறேன். 50 டிகிரி செல்சியஸை ஒட்டி மயோசின் என்ற தசைப்புரதம் உருக்குலைந்து, வழவழப்பான பச்சைத்தசை கெட்டிப்படத் தொடங்குகிறது. 60-ஐத் தாண்டும்போது தசைக்கு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தின் சிவப்பு மங்கத் தொடங்குகிறது, கொலாஜன் என்ற இணைப்புப் புரதத்தாலான உறைகள் சுருங்கித் தசைநார்களைப் பிழிகின்றன. 66-க்கு மேல் ஆக்டின் என்ற மற்றொரு தசைப்புரதமும் உருக்குலைய, நீர் வெளியேறி இறைச்சி நார்நாராகிறது. டிரை-டிப்பில் கொலாஜன் குறைவு என்பதால், மார்புக்கண்டத்தைப்போல் பல மணி நேரம் அதை இளக்க வேண்டியதில்லை. நடுப்பகுதி 54 முதல் 57 டிகிரி வரை வந்தால் போதும் என்பதே அவ்வூரார் பதம். தட்டில் கசியும் சிவப்பு நீரைக் குருதி என்று எண்ணி முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது மயோகுளோபின் கலந்த தசைநீர். குருதி பெரும்பாலும் வெட்டும்போதே வடிக்கப்பட்டுவிடுகிறது.

உள்ளே வேண்டியது 55 டிகிரி என்றால், வெளியே வேண்டியது அதற்கு முற்றிலும் வேறானது. அந்த அடர்பழுப்பு நிறமும், நாவில் நீரூறச் செய்யும் மணமும் மெயிலார்ட் வினையின் விளைவுகள். 1912-இல் லூயி கமீல் மெயிலார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர், அமினோ அமிலங்களையும் சர்க்கரையையும் நீரில் கலந்து சூடாக்கினால் கரைசல் மஞ்சளாகிப் பின்னர் பழுப்பேறுவதை அறிவித்தார். அவருக்குச் சமையலில் அக்கறை இல்லை, உயிருடல் புரதங்களை எவ்வாறு கட்டுகிறது என்பதைத்தான் தேடிக்கொண்டிருந்தார். சிக்கலான அந்த வினைத்தொடரை ஒழுங்குபடுத்தி, 1953-இல் ஒரே திட்டவரைவாகத் தந்தவர் ஜான் ஹாட்ஜ். அமெரிக்க வேளாண்துறை இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் நடத்திய ஆய்வகத்தில் பணியாற்றியவர் அவர். உலர்த்திப் பாதுகாக்கும் உணவுப்பொருள்கள் ஏன் பழுப்பேறிக் கெடுகின்றன என்பதே அவர் முன் இருந்த கேள்வி. விளைபொருள் உபரிக்குப் புதிய பயன் காணவென்று அரசுப் பணத்தில் எழுப்பப்பட்ட அதே ஆய்வகம்தான் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெனிசிலினைப் பெருமளவில் உற்பத்தி செய்யும் வழியையும் கண்டது என்பதை, உணவு ஆய்வைச் சில்லறை ஆய்வு என்று ஒதுக்குவோருக்கு நான் நினைவூட்டுவது வழக்கம். மைசூரில் 1950 முதல் இயங்கிவரும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம்போல் நம் நாட்டில் இன்னும் பல வேண்டும் என்பது என் கருத்து.

மெயிலார்ட் வினை 140 டிகிரியில் ‘தொடங்குகிறது’ என்று சமையல் குறிப்புகளில் எழுதுகிறார்கள். உண்மையில் அதற்கு அப்படியொரு வாசற்படி கிடையாது. நீரிழிவு நோயாளிகளுக்குச் செய்யப்படும் ‘மூன்று மாதச் சர்க்கரை’ச் சோதனை, அதாவது ஹெச்பிஏ1சி, இதே வினையின் முதற்படிகளைத்தான் அளக்கிறது. 37 டிகிரி உடல் வெப்பத்தில், நம் குருதியிலுள்ள குளுக்கோஸ் ஹீமோகுளோபினோடு வாரக்கணக்கில் மெல்ல மெல்லப் பிணைந்துகொண்டே இருக்கிறது. வெப்பநிலை ஏற ஏற வேகம் பன்மடங்காகப் பெருகும். வாரக்கணக்கில் நடப்பதைச் சில நிமிடங்களில் நடத்திக்காட்ட வேண்டுமானால் பரப்பு 140 டிகிரியையும் அதற்கு மேலும் எட்ட வேண்டும் என்பதே அந்த எண்ணின் பொருள். அந்த வெப்பநிலையை எட்டவிடாமல் தடுப்பதுதான் நீர்.

என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரம் முழுவதிலும் மிக அழகான பகுதி இதுவே. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துச்செல்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்வதை நாம் அறிவோம். தணலுக்கு மேல் கிடக்கும் இறைச்சியும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது: வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஒரு கிலோ நீரை 0-விலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 420 கிலோஜூல் போதும். ஆனால், 100 டிகிரியில் இருக்கும் அந்த நீரை முழுதும் ஆவியாக்க இன்னும் 2,260 கிலோஜூல், அதாவது ஐந்து மடங்குக்கும் மேல் வேண்டும். இதைச் சமையலுக்குப் பொருத்திப் பார்த்தால் வியப்பூட்டும் ஒரு கணக்குக் கிடைக்கிறது. இறைச்சியின் மேல் பத்து கிராம் ஈரம், அதாவது இரண்டு தேக்கரண்டி அளவு நீர் படர்ந்திருக்கிறது என்று கொள்வோம். அதை ஆவியாக்கச் செலவாகும் வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோ இறைச்சி முழுவதையும் 6 டிகிரிக்கு மேல் சூடேற்றிவிடலாம்.

ஆகவே மூடியிட்ட கிரில்லுக்குள் காற்று 110 டிகிரியில் இருந்தாலும், ஈரமான பரப்பு 110-ஐ எட்டுவதில்லை, 100-ஐக்கூட எட்டுவதில்லை. உள்வரும் வெப்பமும் ஆவி எடுத்துச்செல்லும் வெப்பமும் சமமாகும் ஒரு புள்ளியில், பள்ளிப் பாடத்தில் படித்த ஈரக்குமிழ் வெப்பநிலையை ஒட்டி, அது நின்றுவிடுகிறது. மார்புக்கண்டத்தைப் புகையில் வைத்துச் சமைக்கும் டெக்சாஸ்காரர்கள், உள்வெப்பநிலை 65 டிகிரி அல்லது 70 டிகிரியை ஒட்டி வந்ததும் மணிக்கணக்கில் அசையாமல் நிற்பதைக் கண்டு பொறுமையிழப்பார்கள். அந்தத் ‘தேக்க’த்துக்கும் காரணம் இதுவே. கொழுப்பு உருகுவதாலோ கொலாஜன் கரைவதாலோ அது நிகழ்கிறது என்று முன்பு விளக்கம் சொல்வதுண்டு. ஆனால், ஆவியை வெளியேறவிடாமல் தாளில் சுற்றினால் தேக்கம் மறைந்துவிடுகிறது என்பதே அந்த விளக்கத்துக்குப் போதுமான மறுப்பு.

ஈரம் போன பிறகு காட்சி மாறுகிறது. முதலில் விளிம்புகளும் மூலைகளும், பின்னர் முதுகுப்புறமும் உலர்ந்து, தாள்போன்ற மெல்லிய பொருக்கு உருவாகிறது. அந்த நிலையில் இறைச்சியைக் குறுக்கே பிளந்து உள்ளே வெப்பநிலையை அளக்க முடிந்தால், மேலே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உலர்ந்த படலம் 150 டிகிரியில் இருக்கும். அதற்குச் சற்றே கீழே நீர் கொதித்து ஆவியாகும் தளம் சரியாக 100-இல் நிற்கும். அதற்குக் கீழே 90, 70, 60 என்று வெப்பநிலை இறங்கிக்கொண்டே போய் நடுவில் 55-ஐத் தொடும். கொதிக்கும் அந்தத் தளம்தான் பொருக்குக்கும் உட்சதைக்கும் இடையிலான எல்லைக்கோடு. கடுந்தீயில் நெடுநேரம் கிடக்கும் இறைச்சியில் அந்த எல்லை உள்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. பொருக்குக்கும் இளஞ்சிவப்பு நடுப்பகுதிக்கும் இடையே நாம் காணும் சாம்பல்நிறப் பட்டை அவ்வாறு உருவானதே.

இப்போது உப்பு ஏன் முந்தைய இரவே தடவப்பட வேண்டும் என்பது விளங்கும். ஒரு கிலோவுக்குப் பத்து கிராம் என்ற கணக்கில் உப்பைத் தூவிவிட்டுச் சிறிது நேரம் கழித்துப் பார்த்தால், பரப்பெங்கும் முத்துமுத்தாக நீர் கோத்திருக்கும். சவ்வூடு பரவல் உள்ளிருந்து நீரை இழுத்திருக்கிறது. இந்நிலையில் கிரில்லில் போடுவதைவிட மோசமான நேரம் வேறில்லை. உப்பே தூவாமல் போடுவதுகூட மேல். ஆனால், பொறுத்திருந்தால் அந்நீரில் உப்புக் கரைந்து, கரைசல் மெல்ல மெல்ல உள்ளே திரும்புகிறது. குளோரைடு அயனிகள் தசைப்புரத இழைகளை ஒன்றையொன்று விலகச் செய்வதால் அவை உப்பி, சூட்டிலும் கூடுதலான நீரைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. குளிர்பதனப் பெட்டியில், மூடாமல், கம்பித்தட்டின் மேல் இரவு முழுவதும் வைத்த துண்டைக் காலையில் தொட்டால் விரலில் ஈரம் ஒட்டாது. பளபளப்பு மறைந்து, நிறம் கருஞ்சிவப்பாகி, பரப்பு லேசாகப் பிசுபிசுக்கும். தணல் செய்ய வேண்டிய உலர்த்தும் வேலையில் ஒரு பகுதியைக் குளிர்பதனப் பெட்டியின் வறண்ட காற்று செலவின்றிச் செய்துமுடித்திருக்கிறது.

மற்ற மசாலாக்கள் உள்ளே இறங்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. சோடியம், குளோரைடு அயனிகள் சிறியவை, நீரில் கரைபவை. அவையே ஓர் இரவில் சில மில்லிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரைதான் செல்கின்றன. மிளகுக்குக் காரம் தரும் பைப்பரினும் மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசினும் அளவில் பெரியவை, கொழுப்பில் கரைபவை. நான்கில் மூன்று பங்கு நீராலான தசைக்குள் அவற்றுக்கு வழியில்லை. எனவே அவற்றை இரவே தடவி ஊறவைப்பதால் பெரிய பயனில்லை, சுடுவதற்குச் சற்றுமுன் தடவினால் போதும். அவை பொருக்கின் பகுதியாகவே நிலைக்கின்றன. மிளகாய்த்தூளிலும் பூண்டுத்தூளிலும் சர்க்கரைகள் உள்ளதால், தணலுக்கு நேர்மேலே அவை இறைச்சி சிவப்பதற்குள் கருகிக் கசந்துவிடும். வாசகர் கண்ட கரியில் ஒரு பங்கு இறைச்சியுடையதே அன்று, மசாலாவுடையது.

ஆகவே வரிசையை மாற்றிச் சுடுவதே வழி. கரியைக் கிரில்லின் ஒரு பக்கம் ஒதுக்கி, இறைச்சியை மறுபக்கம் வைத்து மூடி, உள்ளே காற்று 110 டிகிரியை ஒட்டி இருக்கும்படி காற்றுத்துளைகளைச் சரிசெய்ய வேண்டும். செருகுவெப்பமானி நடுவில் 47 அல்லது 48 டிகிரி காட்டும்வரை அங்கேயே இருக்கட்டும். இந்த மென்சூட்டில் இரண்டு வேலைகள் ஒருசேர நடக்கின்றன: உட்புறம் சீராக வேகிறது, மேற்புறம் முழுதாக உலர்கிறது. அதன்பின் மூடியைத் திறந்து, இறைச்சியைத் தணலுக்கு நேர்மேலே நகர்த்திப் பக்கத்துக்கு ஓரிரு நிமிடம் வாட்டினால் போதும். வெப்பக் கதிர்வீச்சு, கெல்வினில் அளந்த வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 700 டிகிரிக் கங்கு, 110 டிகிரியில் உள்ள பரப்பைப்போல் ஏறத்தாழ நாற்பது மடங்கு ஆற்றலை உமிழ்கிறது. ஆவியாக்க ஈரம் மிச்சமில்லாததால் அவ்வளவும் நேராக நிறத்துக்கும் மணத்துக்கும் செலவாகிறது. அதற்கென ஆகும் நேரம் குறைவு என்பதால், சாம்பல்நிறப் பட்டை தடிக்க வாய்ப்பில்லை. மூடியற்ற சான்டா மரியா அடுப்பில் தட்டியை முதலில் உயரத்திலும் பின்னர் தாழ்விலும் வைத்து இதையே செய்யலாம்.

சாற்றைப் பூட்டுதல் என்ற கருத்து, புகழ்பெற்ற ஜெர்மன் வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் 1847-இல் இறைச்சி பற்றி வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. கடுஞ்சூட்டில் மேற்பரப்பின் புரதம் உறைந்து, நீர்புகா ஓடுபோல் ஆகும் என்று அவர் கருதினார். 1930-களிலேயே அமெரிக்காவில் சுடுமுன்னும் பின்னும் எடைபோட்டுப் பார்த்த எளிய சோதனைகள், முதலில் வாட்டப்பட்ட இறைச்சி மற்றதைவிடக் குறைவாக நீரிழக்கவில்லை என்று காட்டிவிட்டன. சோதனைகூட வேண்டாம்: வாட்டும்போது எழும் ‘சுர்ர்’ என்ற ஓசையே, பூட்டப்பட்டதாகச் சொல்லப்படும் பரப்பின் வழியே நீர் வெளியேறி ஆவியாகும் ஓசைதானே. பெரும் பெயர் ஒன்று சொன்னது என்பதற்காகத் தராசு காட்டியதை ஒதுக்கிவைப்பது, நாம் வேறு இடங்களில் மூடநம்பிக்கை என்று அழைக்கும் பழக்கமேயன்றி வேறில்லை.

பழுப்பு வேறு, கரி வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். பரப்பு கருகும் அளவுக்குச் சுடும்போது ஹெட்டிரோசைக்ளிக் அமீன்களும், கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையில் பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் உருவாகின்றன. ஆய்வக விலங்குகளில் புற்றுநோய் விளைவிப்பவை இவை. இறுதி வாட்டல் சுருக்கமாக முடிவது இந்த வகையிலும் நல்லது. வெட்டப்படாத முழுத்தசையில் நுண்ணுயிரிகள் பெரும்பாலும் பரப்பில் மட்டுமே இருப்பதால் நடுப்பகுதி இளஞ்சிவப்பாக இருப்பதைப் பலர் ஏற்கிறார்கள். ஆயினும் அமெரிக்க வேளாண்துறையின் பரிந்துரை 63 டிகிரியும் அதன்பின் மூன்று நிமிட ஓய்வும் ஆகும். கருவுற்றவர்களும் முதியோரும் உள்ள வீட்டில் அதையே பின்பற்றுவது தகும். கொத்துக்கறிக்கு இந்தத் தர்க்கம் சிறிதும் பொருந்தாது, அதற்கு 71 டிகிரி வேண்டும்.

சுட்ட துண்டைப் பத்து நிமிடம் ஆறவிடும்போது அலுமினியத் தாளால் இறுக்கி மூடும் பழக்கம் பலருக்கு உண்டு. மூடினால், உள்ளிருந்து வரும் ஆவி தாளில் குளிர்ந்து மீண்டும் பொருக்கின் மேல் படிந்து, அதுவரை உலர்த்திய பரப்பை ஊறவைத்துவிடும். திறந்த கம்பித்தட்டே போதும். நறுக்கும்போது டிரை-டிப்பில் ஒரு சங்கடம் உண்டு: முக்கோணத்தின் வளைவை ஒட்டித் தசைநார்களின் திசை மாறுகிறது. அவ்விடத்தில் துண்டை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் அதனதன் நாருக்குக் குறுக்கே மெல்லிய வில்லைகளாக நறுக்க வேண்டும். நார் போகும் திசை சுட்டபின் பொருக்குக்கு அடியில் தெரியாது என்பதால், மசாலா தடவும் முன்பே பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.