சேனல்: அலைவரிசையா, ஒளிவழியா?

'சேனலை மாத்து' என்கிறோம். அங்கே சேனல் என்பது நிகழ்ச்சிகள் தொடர்ந்து வரும் ஒரு வரிசை. 'சேனல்காரர்கள் மைக்கோடு வந்திருந்தார்கள்' என்றால் அது நிறுவனம். 'நேற்று மழையில் சேனலே வரவில்லை' என்றால் சிக்னல். பேச்சில் இந்த மூன்றும் கலந்து வந்தாலும் யாருக்கும் குழப்பமில்லை. எழுதும்போதுதான் சிக்கல். அரசு வானொலியையும் தொலைக்காட்சியையும் நடத்தும் பிரசார் பாரதி, அதன் தொலைக்காட்சிப் பிரிவான தூர்தர்ஷன், சென்னைத் தொலைக்காட்சி நிலையம், டிடி தமிழ் என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய நான்கையும் 'சேனல்' என்றே எழுதிவிட்டால், எது எதை நடத்துகிறது என்று படிப்பவருக்குத் தெரியாமல் போகிறது.

சேனல் என்ற சொல்லின் வேர் இலத்தீன். 'கனாலிஸ்' என்றால் குழாய், நீர் ஓடும் தடம். அது 'கன்னா', அதாவது நாணல் என்ற சொல்லிலிருந்து வந்தது. நாணலின் உள்ளே துளை இருப்பதால் அதுவே குழாய்க்குப் பெயரானது. இலத்தீனுக்கு அந்தச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத்துக்கு மேற்காசிய மொழிகளிலிருந்து வந்தது. பிறகு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், கெனால், சேனல் என்று இரண்டு சொற்களாகப் பிரிந்தது. தண்ணீரைப் பொறுத்தவரை தமிழில் நமக்குக் கால்வாயும் வாய்க்காலும் இருக்கின்றன. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் உள்ள கடலை ஆங்கிலக் கால்வாய் என்றுதான் பள்ளியில் படித்தோம். தந்தியும் வானொலியும் வந்தபின், செய்தி போகும் வழிக்கும் ஆங்கிலம் அதே சொல்லை எடுத்துக்கொண்டது. தமிழ் அப்படிச் செய்யவில்லை. 'அலைவரிசை' என்று புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டது.

அது எவ்வளவு பொருத்தமான சொல் என்பதைப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியை நினைத்துப் பார்த்தால் புரியும். 'டக், டக்' என்று திருகும் குமிழில் 2 முதல் 12 வரை எண்கள் இருக்கும். ஒவ்வொரு எண்ணும் 7 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு பட்டை. படத்துக்கான அலையும் ஒலிக்கான அலையும் அந்த அகலத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். ஆக, சேனல் என்பது ஒற்றை அலை அல்ல, அடுத்தடுத்து நிற்கும் பல அலைகளின் வரிசை. அலைவரிசை என்ற சொல் அதை அப்படியே சொல்கிறது. ஆங்கிலச் சொல்லைவிட இதுதான் விஷயத்துக்கு நெருக்கம் என்பேன்.

ஆனால் அந்தச் சொல்லை நாம் அதன் இடத்தில் இருக்க விடவில்லை. '101.4 அலைவரிசையில் கேளுங்கள்' என்று சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். 101.4 மெகாஹெர்ட்ஸ் என்பது சென்னை ரெயின்போ வானொலியின் அதிர்வெண், அதாவது அந்த அலை ஒரு வினாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு. அதிர்வெண், அலைநீளம் இரண்டும் பள்ளி இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கும் நல்ல சொற்கள். சென்னை வானொலியின் மத்திய அலை ஒலிபரப்பு 720 கிலோஹெர்ட்ஸ், அது அதிர்வெண். ஒளியின் வேகத்தை அதால் வகுத்தால் ஏறத்தாழ 416 மீட்டர் வரும், அது அலைநீளம். இந்த இரண்டுக்கும் பெயர் இருக்கும்போது, அலைவரிசையை இழுத்து வந்து எண்ணுக்கு ஒட்டத் தேவையில்லை. 2ஜி விவகாரத்தில் எல்லாருக்கும் பழகிப்போன 'அலைக்கற்றை' இன்னும் பெரியது. ஏராளமான அலைவரிசைகளைத் தன்னுள் கொண்ட மொத்தத் தொகுப்பு அது.

இங்கே பண்பலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு அது புதிராகவே இருக்கிறது. எஃப்எம் என்பதற்கும் 'பண்பு'க்கும் என்ன தொடர்பு? ஒலியின் ஏற்ற இறக்கத்தை ஒரு சுமக்கும் அலைமேல் ஏற்றுவதற்கு இயற்பியல் தமிழில் 'பண்பேற்றம்' என்று பெயர். அலையின் உயரத்தை மாற்றி ஏற்றினால் வீச்சுப் பண்பேற்றம், அதிர்வெண்ணை மாற்றி ஏற்றினால் அதிர்வெண் பண்பேற்றம். இரண்டாவதுதான் எஃப்எம். அந்தப் பண்பேற்றம் சுருங்கி அலையோடு சேர்ந்து பண்பலை ஆனது. கறாராகப் பார்த்தால் வீச்சுப் பண்பேற்றமும் பண்பலைதான். இருந்தாலும் வாயில் நன்றாக உட்கார்ந்துவிட்ட சொல், அதை மாற்ற வேண்டியதில்லை. இந்தியாவில் எஃப்எம் ஒலிபரப்பு முதலில் தொடங்கியதே சென்னையில்தான், 1977 ஜூலை 23 அன்று.

சரி, நிலையம்? அது இடம். சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. அன்றைக்கு நிலையத்தின் பெயரைச் சொன்னாலே போதும், எந்த நிகழ்ச்சி வரிசை என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். பிறகு விவித்பாரதி வந்தது, வர்த்தக ஒலிபரப்பு வந்தது, பண்பலை வந்தது. ஒரே கட்டடத்துக்குள்ளிருந்து பல நிகழ்ச்சி வரிசைகள் கிளம்பின. அப்போதே நிலையமும் சேனலும் வேறு வேறாகிவிட்டன. தொலைக்காட்சியிலும் இதே கதைதான். சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது; செயற்கைக்கோள் வழியாகத் தமிழுக்கென்று தனிச் சேனல் 1990களில் வந்தது. அதுதான் பொதிகை. 2024 ஜனவரி 19 முதல் அது டிடி தமிழ். நிலையம் மாறவில்லை, சேனலின் பெயர்தான் மாறியது. பொதிகை என்ற பெயரில் அகத்தியரும் தென்றலும் தமிழும் இருந்தன. 'டிடி தமிழ்' வெறும் அடையாளச் சீட்டுதான். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பெயர் விஷயத்தில் வானொலிக்கும் ஒரு சர்ச்சை இருக்கிறது. ஆகாசவாணி என்றால் வானத்துக் குரல். புராணக் கதைகளில் அசரீரி என்போமே, அது. ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் 1936இல் வந்தது. ஆகாசவாணி 1950களில் அதனோடு சேர்ந்தது. 2023 மே மாதத்தில், இனி ஆகாசவாணி என்ற பெயர் மட்டுமே வேண்டும் என்று பிரசார் பாரதி சொன்னபோது தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. எழுந்தது நியாயமே. வான், ஒலி என்ற இரண்டு எளிய சொற்களால் அதே பொருளைத் தமிழ் எப்போதோ சொல்லிவிட்டது. குழந்தைக்கும் புரியும் சொல்லை வைத்துக்கொண்டு, தமிழ் அறிவிப்பில் வேறொன்றைத் தேடுவானேன்?

ஒலிபரப்பு, ஒளிபரப்பு என்பதிலுள்ள 'பரப்பு'ம் கவனிக்க வேண்டியது. ஆங்கிலத்தில் பிராட்காஸ்ட் என்பது முதலில் உழவர் சொல். கையால் விதையை அகல வீசித் தூவுவது. 1920களில் வானொலி அதைத் தனக்கு எடுத்துக்கொண்டது. தமிழில் பரப்புதல் அதே வேலையைச் செய்வதோடு, காதுக்கு ஒலி, கண்ணுக்கு ஒளி என்று ஓரெழுத்தில் பிரித்தும் காட்டுகிறது. இந்த வசதி ஆங்கிலத்துக்கு இல்லை.

மறுபடி சேனலுக்கு வருவோம். இன்றைக்கு தூர்தர்ஷனின் இலவசச் செயற்கைக்கோள் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷில் ரிமோட்டில் அழுத்தும் எண் வெறும் பட்டியல் எண். செயற்கைக்கோளிலிருந்து இறங்கும் ஒரே அலையில் பல சேனல்கள் தரவாகக் கலந்து வருகின்றன. பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் இணையம் வழியாக வானொலி கேட்டால் ஒரு சேனலுக்கு ஓர் அலை என்ற பேச்சுக்கே இடமில்லை. பாதி தூரம் கம்பிவடத்தில் வருகிறது. அப்படிப் பார்த்தால் அலைவரிசை தன் பொருளிலிருந்து மெல்ல நழுவிக்கொண்டிருக்கிறது. இலங்கை வானொலிக்காரர்கள் 'தேசிய சேவை', 'வர்த்தக சேவை' என்று சொல்லிப் பழகியது இங்கே கைகொடுக்கும், ஏனென்றால் சேவைக்கு அலை தேவையில்லை. சிங்கப்பூர்த் தமிழர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், அங்குள்ள வசந்தம் தொலைக்காட்சியை 'வசந்தம் ஒளிவழி' என்கிறார்கள். நீர் ஓடும் தடம் என்ற கனாலிஸின் பொருளுக்கும் வழி என்பது நெருக்கம். அலையில் வந்தாலும் கம்பியில் வந்தாலும் வழி வழிதானே.

அதனால் குமிழ் திருகிய காலத்துச் சேனலுக்கும் ஒலிபரப்புத் தொழில்நுட்பத்துக்கும் அலைவரிசையை வைத்துக்கொண்டு, இன்றைய டிடி தமிழ் போன்றவற்றை ஒளிவழி என்றும், விவித்பாரதி போன்றவற்றை ஒலிவழி என்றும் எழுதலாம் என்பது என் கருத்து. இரண்டும் கேட்க ஒன்றுபோல இருக்கின்றனவே என்று சிலர் தயங்குவார்கள். லகர ளகரத்தைத் தெளிவாகச் சொன்னால் இரண்டும் வேறு வேறாகத்தான் கேட்கும். ஒலிபரப்பு, ஒளிபரப்பு இரண்டையும் வானொலி அறிவிப்பாளர்கள் இத்தனை காலமாகப் பிரித்துச் சொல்லித்தானே வந்திருக்கிறார்கள்.